காற்புள்ளியில் நின்ற நாவல்

குறும்பட்டியல் வெளியான நேரத்தில் நான் அச்சகத்தில் வெட்டு இயந்திரக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். புத்தகத்தின் ஓரத்தை ஒரு நூல் அளவு அதிகமாக வெட்டிவிட்டு, "யாரு சார் இதையெல்லாம் பாக்கப் போறா?" என்றார் அவர். இப்படிக் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "படிக்கிறவன் பாப்பான்யா!" என்று கத்தினேன். அப்போதுதான் சட்டைப்பையில் போன் துடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

ஊகப்புனைவு என்றால் நாளைய உலகம், பேய், மாயம், வேற்றுக்கிரகம் என்று நடக்காததை நடந்ததாகச் சொல்லும் கதைகள். அதற்கென்று எங்கள் நாட்டில் வருடத்துக்கு ஒரு தேசிய விருது உண்டு. பரிசுக்கு முன்னால் ஆறு புத்தகங்கள் கொண்ட குறும்பட்டியல் வரும். அது வந்ததும் ஆறையும் படித்து, என் எதிர்வினையை நான் ஒரு வீடியோவாகப் போடுவேன். பார்க்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் 'கத்தரி'. யார் எவர் என்று பார்க்காமல் வெட்டுகிறேனாம். ஒரு எழுத்தாளர் என் வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். "அடடா" என்றேன். உள்ளுக்குள் எனக்குக் குளுகுளு என்று இருந்தது.

போனில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: கத்தரி, வீடியோ எப்போது? பட்டியலைத் திறந்தேன். முதல் பெயரே 'சுவர் துடைப்பவள்'. என் அக்கா எழுதிய நாவல்.

சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல்.

அக்கா ஒரு மருத்துவமனையில் காது பரிசோதனை செய்கிறவள். ஒலி புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வாள். நாள் முழுக்க அதுதான் வேலை. எங்கள் வீட்டில் ஊகப்புனைவைக் கரைத்துக் குடித்தவன் நான். அவள் என் அலமாரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் நாவல் எழுதியிருக்கிறேன் என்று வந்து நின்றபோது, "எதைப் பத்தி?" என்றுகூட நான் கேட்கவில்லை. "நல்லது" என்றேன்.

அந்தப் புத்தகம் எங்களிடம்தான் பைண்டிங் ஆனது. அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வையாளர். கட்டுக்கட்டாக என் கண்ணெதிரே வண்டி ஏறிப் போனது. ஒரு வரி படிக்கவில்லை. பிறகு அக்காவே ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் போட்ட பிளாஸ்டிக் உறை அதன் மேல் அப்படியே இருந்தது.

"கையெழுத்துப் போட்டுத் தரலையா?" என்று கேட்டேன்.

"படிச்சுட்டுக் கொண்டா, போடறேன். படிக்காதவங்களுக்கு நான் போடறதில்ல."

என்ன கெத்து பார் என்று நினைத்துக்கொண்டேன். சில வாரம் கழித்துப் போனில் கேட்டாள்: "படிச்சியாடா?"

"படிச்சேன்க்கா. பிரமாதம்."

"அப்ப கொண்டா."

"கொண்டு வரேன், கொண்டு வரேன்."

உறை பிரிக்காத அந்தப் புத்தகம் டிவிக்கு மேலே இருந்த அலமாரியில் சௌகரியமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பட்டியல் வந்த அன்று வீட்டுக்குப் போய் அதைப் பிரித்துப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பிரிவின் மூலையில் கழிவு அலமாரி ஒன்று இருக்கிறது. அட்டை கோணலானது, பக்கம் தலைகீழானது, பசை வழிந்தது என்று கடைக்குப் போகத் தகுதியில்லாத பிரதிகள் பின்னட்டையில் நீலச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி வாங்கிக்கொண்டு அங்கே வந்து சேரும். விற்கக்கூடாது, ஆனால் படிக்கலாம். நான் படித்து வளர்ந்ததெல்லாம் அந்த அலமாரியில்தான். குறைப் பிரதிகளைப் படித்துப் படித்து, இல்லாத பக்கங்களை மனதிலேயே நிரப்பிக்கொள்ளும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. ஒரு துப்பறியும் நாவலில் கொலைகாரன் வரும் பக்கங்களே இல்லை. நானே ஒருவனைப் பிடித்துக் கொடுத்து, புத்தகத்தைத் திருப்தியாக மூடி வைத்தேன்.

ஆக, கை பழக்கமாக அந்த அலமாரிக்கே போனது. 'சுவர் துடைப்பவள்' ஒன்று கிடந்தது. பின்னட்டையில் நீலப் பெருக்கல். அட்டை கோணலாக ஒட்டியிருந்தது. சரி, இதுதான் குறை என்று எடுத்துக்கொண்டு தேநீர் மேசையில் உட்கார்ந்தேன்.

அக்காவின் நாவலில் ஒரு ஊர். அந்த ஊரில் வீட்டுச் சுவர்கள் உள்ளே பேசியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளும். வருடங்கள் ஆக ஆகச் சுவர் கனத்துப்போய் உப்பிவிடும். ஒரு துணியும் வாளியுமாக வீடுவீடாகப் போய், சுவரில் காதை வைத்துக் கேட்டு, பழைய பேச்சைத் துடைத்தெடுப்பதுதான் நாயகியின் வேலை. சண்டைகளைத் துடைப்பாள். கடன்காரனிடம் கெஞ்சியதைத் துடைப்பாள். தாலாட்டைத் துடைக்கச் சொன்னால் கூலி வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுவாள். அவளுக்கு ஒரு தம்பி. மூன்றாம் அத்தியாயத்தில் வீட்டை விட்டு வெளியே போகிறவன், பிறகு வருவதே இல்லை.

நான் எதிர்பார்க்காதது நடந்தது. புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது. மணி அடித்தும் எழுந்திருக்க முடியவில்லை. மறுநாளும் படித்தேன். கடைசியாக அவள் தன் சொந்த வீட்டுக்கு, அம்மா செத்துப்போன வீட்டுக்கு, வாளியோடு வருகிறாள். சுவரில் காதை வைக்கிறாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இது: 'அடியாழத்திலிருந்து குரல் மேலே வந்தது. அம்மா சொன்னாள்,'

அவ்வளவுதான். ஒரு காற்புள்ளி. அதற்குப் பிறகு பின்னட்டை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அம்மா என்ன சொன்னாள் என்று சொல்லாமலே நிறுத்திவிட்டாளே! 'முற்றும்' என்றுகூடப் போடவில்லையே! இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! என் அக்காவா இதை யோசித்தாள் என்று பிரமித்து, அந்தப் பிரமிப்போடு போய் வீடியோ எடுத்தேன்.

மற்ற ஐந்தையும் வழக்கம்போல் வெட்டினேன். ஒன்றில் வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கியும் அரசு அலுவலகத்தில் வரிசையில்தான் நிற்கிறார்கள், ஆசிரியருக்குக் கற்பனை அங்கேயே தீர்ந்துவிட்டது என்றேன். இன்னொன்றின் முடிவை ஆசிரியர் ரிப்பன் கட்டிப் பரிசளிக்கிறார் என்றேன். பிறகு அக்காவின் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். நீலக் குறி தெரியாமல் பிடித்துக்கொண்டேன். எழுதியது என் அக்கா என்று சொல்லவில்லை. நடுநிலையாம்.

"முடிவுன்னா இது முடிவு" என்றேன். "ஒரு காற்புள்ளி. அந்தப் புள்ளிக்கு அப்புறம் உங்க அம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்கதான் கேக்கணும். மத்த அஞ்சு எழுத்தாளர்களும் இந்த ஒரு புள்ளியைப் பாத்துக் கத்துக்கணும்." பாராட்டிவிட்டு ஒரு குறையும் சொல்லாவிட்டால் நான் கத்தரியா? "ஒரே குறை, அந்தத் தம்பி. போனவன் போனவன்தான். ஆசிரியர் அவனை மறந்துட்டாங்க. அவன் இல்லாமலே நாவல் நிக்கும். தாராளமா வெட்டியிருக்கலாம்."

என் எந்த வீடியோவும் அப்படி ஓடியதில்லை. 'காற்புள்ளி நாவல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே ஒருவர் மட்டும் கீழே, "கடைசியில் அம்மா பேசும் இடம் என்னை அழ வைத்தது" என்று எழுதியிருந்தார். நான் அவருக்கு எழுதிய பதிலை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "நண்பரே, அம்மா பேசவில்லை. நீங்கள் உங்கள் மனதில் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் இந்த நாவலின் வெற்றி" என்று எழுதினேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அக்கா கூப்பிட்டாள்.

"வீடியோ பாத்தேன்."

"எப்படி?"

"நல்லா பேசற. அந்த முடிவைப் பத்தி சொன்னியே..."

"ஆமாக்கா! என்ன தைரியம்க்கா உனக்கு!"

"நான் குடுத்த புக்குலயா படிச்ச?"

"பின்ன? வேற எதுல?"

காது பார்க்கிறவள், எதையும் கேட்டுக்கொண்டே இருப்பாள். "சரி" என்றாள். "சனிக்கிழமை நூலகத்துல கூட்டம் இருக்கு, எங்க ஆறு பேரையும் கூப்பிட்டிருக்காங்க. நீயும் வா. அந்த புக்கையும் எடுத்துட்டு வா."

கையெழுத்துப் போடத்தான் எடுத்துவரச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் உறையைப் பிரித்து, முதுகை இரண்டு இடத்தில் லேசாக உடைத்து, மூலைகளை மடித்து, பக்கங்களை விரலால் நீவிவிட்டால் போதும், நான்கு முறை படித்த புத்தகம் தயார். இந்த வேலை எனக்குத் தெரியாதா? ஆனால் ஏறியதுமே பக்கத்து இருக்கைக்காரர், "நீங்க கத்தரிதானே?" என்று பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை காற்புள்ளியைப் பற்றியே பேசினோம். எனக்கும் அது அலுக்கவில்லை. புத்தகம் உறையோடு பையிலேயே கிடந்தது.

நூலக மாடியில் ஒரு நீளமான கூடம். இரும்பு நாற்காலிகள், ஒரு மேடை, கரகரக்கும் மைக். நடுவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரக்கூடாது என்று விதி. வந்தது முழுக்க வாசகர்கள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தேன். ஆறு எழுத்தாளர்களில் அக்கா ஓரத்தில் இருந்தாள். வேலைக்குப் போகும் அதே கைப்பையை மடியில் வைத்திருந்தாள்.

கூட்டத்தை நடத்தியவர் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர். ஆறில் எதையும் அவர் படித்திருக்கவில்லை என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அக்காவின் முறை வந்தபோது சிரித்தபடி, "எல்லாரும் கேக்கற கேள்வியையே கேட்டுடறேன்" என்றார். "அந்தக் காற்புள்ளி! அம்மா என்ன சொன்னாங்கன்னு சொல்லாம முடிச்சிருக்கீங்களே, எப்படித் தோணுச்சு?"

அக்கா மைக்கை வாங்கினாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். ஆமாம், கட்டைவிரலை உயர்த்தினேன்.

"சில விஷயம் சொல்லாம விட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு" என்றாள் மெதுவாக. கைதட்டினார்கள். நான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

அப்போது இரண்டாம் வரிசையில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். கையில் 'சுவர் துடைப்பவள்'. சங்கடத்தோடு நெளிந்தார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் வாங்கின புக்குல ஏதோ கோளாறு இருக்குபோல. இதுல அந்தக் காற்புள்ளிக்கு அப்புறம் இன்னும் பதினாறு பக்கம் இருக்கு. அம்மா பேசறாங்க, தம்பிகூட வரான். கத்தரி சார்கிட்ட சொன்னேன், அது என் கற்பனைன்னு சொல்லிட்டார்." கூடம் சிரித்தது. "வீட்ல போய் மறுபடி எண்ணிப் பாத்தேன். பதினாறு பக்கம் இருக்கு. வேற ஏதாவது கதை கலந்துடுச்சா?"

பதினாறு.

மற்றவர்களுக்கு அது ஒரு எண். எங்கள் தொழிலில் புத்தகம் என்பதே பதினாறு பதினாறு பக்கமாக மடித்த மடிப்புகளை அடுக்கித் தைப்பதுதான். ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். வரிசையாக அடுக்கினால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். நடுவில் ஒரு மடிப்பு விட்டுப்போனால் படிக்கட்டில் ஓட்டை தெரியும், யாரும் பிடித்துவிடலாம். கடைசி மடிப்பு விட்டுப்போனால் படிக்கட்டு ஒரு படி முன்னதாக முடிந்துவிடும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த நீலப் பெருக்கல் கோணல் அட்டைக்குப் போட்டது இல்லை. கடைசி மடிப்பு இல்லாத பிரதி அது. என் தொழிலின் முதல் பாடத்தில் நான் கோட்டைவிட்டு, அந்தக் கோட்டைவிட்டதற்குத் துணிச்சல் என்று பெயர் வைத்து, ஊரையே கைதட்ட வைத்திருக்கிறேன்.

நாற்காலிக்கு அடியில் ஒரு குழி இருந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் இதைவிட மோசமானது இனிமேல்தான் வரவிருந்தது. அக்கா பேச ஆரம்பித்தாள்.

"உங்க மேல தப்பில்ல" என்றாள் பச்சைச் சட்டைக்காரரிடம். "அது... நான் முதல்ல எழுதினது. வேண்டாம்னு எடுத்துட்டேன். அச்சுல எப்படியோ சேந்துடுச்சு. சில புக்குல இருக்கும், சில புக்குல இருக்காது."

முன்வரிசையில் இருந்த பதிப்பாளர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா, அவர் வெளியிட்ட புத்தகம்? ஆனால் வியாபாரி. ஒரு நிமிடத்தில் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டாம் பதிப்பு திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது" என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். "எடுத்துடலாங்களா? வாங்கறவங்க எல்லாம் காற்புள்ளி, காற்புள்ளின்னுதான் கேக்கறாங்க."

"எடுத்துடுங்க" என்றாள் அக்கா.

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தன் நாவலின் முடிவை, தம்பி கூட்டத்தில் அசடு வழியக்கூடாது என்பதற்காக, ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. திங்கட்கிழமை அந்தப் பதினாறு பக்கமும் உலகத்தில் இல்லாமல் போகும். அவை இல்லாத புத்தகத்தைக் கட்டி அனுப்புகிறவனும் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு நிமிடம் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். செய்தி வாசிப்பவர் அடுத்த எழுத்தாளர் பக்கம் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்தேன். "ஒரு நிமிஷம்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "நான்தான் கத்தரி."

கைதட்டிவிட்டார்கள்! அந்தக் கைதட்டலை நான் எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டேன்.

"தட்டாதீங்க" என்றேன். "அவர் புக்குல கோளாறு இல்ல. என்கிட்டதான் கோளாறு. நான் படிச்சது கழிவுல வந்த புக்கு. கடைசிப் பதினாறு பக்கம் அதுல இல்ல. இல்லாததை நான் முடிவுன்னு நெனச்சுட்டேன்."

எங்கோ ஒரு மூலையில் கிளம்பிய சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. நான்கைந்து போன்கள் என்னை நோக்கி உயர்ந்தன. நான் ஊரைச் சிரிக்க வைத்து எத்தனை பேரை இப்படி வெட்டியிருக்கிறேன்! ஒருவர் கத்திக் கேட்டார்: "கழிவு புக்கு உங்களுக்கு எப்படி சார் கிடைச்சுது?"

"நான் பைண்டிங்ல வேல பாக்கறேன்."

"என்ன வேல?"

"பக்கம் எல்லாம் இருக்கான்னு சரிபாக்கற வேல."

கூடம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. "உக்காருடா" என்றாள் அக்கா, வாய்க்குள்ளேயே. மைக் அவள் கையில் இருந்ததை மறந்துவிட்டாள். 'டா' கூடம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

"அவங்க என் அக்கா" என்றேன். "நான் மாட்டிக்கக்கூடாதுன்னுதான் இப்ப பொய் சொன்னாங்க. அந்தப் பக்கங்களை எடுக்காதீங்க, சார். அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா எடுக்காதீங்க."

பதிப்பாளர் தோளைக் குலுக்கினார். "அப்படி என்னதான் இருக்குன்னு வாசிங்களேன், கேப்போம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அப்போதுதான் உறை ஞாபகம் வந்தது. நகத்தால் கீறினேன், கிழியவில்லை. எங்கள் பிரிவு உறை சுலபத்தில் கிழியாது, நான்தான் தரத்தை உயர்த்தினேன். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பல்லால் கடித்து இழுத்தேன். பிளாஸ்டிக் சரசரவென்று கிழிந்த சத்தம் அந்தக் கூடத்தில் கேட்காத காதே இருந்திருக்காது. அக்காவுக்குக் கேட்டிருக்கும். அவள் கொடுத்த புத்தகத்தை நான் திறக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போனில் சொன்ன பொய், அதற்கு முன்னால் சொன்ன 'பிரமாதம்' எல்லாம் அந்தச் சரசரப்பில் சேர்ந்து கிழிந்தது. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

காற்புள்ளி இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தேன். திருப்பினேன். வாசித்தேன்.

"'தாழ்ப்பாள் போட்டுடாதே. சின்னவன் இன்னும் வரல.'"

அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு மேலே வாசித்தேன்.

"இத்தனை வருடம் சுவர் பத்திரமாக வைத்திருந்தது இதைத்தானா என்று அவள் நினைத்தாள். ஆசீர்வாதம் இல்லை, ரகசியம் இல்லை, கடைசி வார்த்தை இல்லை. காதை இன்னும் அழுத்தினாள். அம்மாவுக்குப் பதில் சொல்லும் ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. 'வந்துட்டான்மா. அப்பவே வந்து படுத்துட்டான். நீ தூங்கு.' அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் குரல் அவளுடையது."

எங்கள் வீடு. எங்கள் கதவு. சின்ன வயதில் நான் ஊர் சுற்றிவிட்டு எந்நேரத்துக்கு வந்தாலும் கதவு திறந்தே இருக்கும். அம்மா அசந்து தூங்கிவிட்டாள், நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வருவேன். யார் என்ன பொய் சொல்லி அம்மாவைத் தூங்க வைத்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தத் தம்பியைத்தான் 'வெட்டியிருக்கலாம்' என்று ஊருக்கெல்லாம் சொன்னேன்.

இன்னும் ஒரு பக்கம் எப்படியோ வாசித்தேன். சுவர் துடைப்பவள் துணியை வாளியில் நனைத்துப் பிழிகிறாள். கையில் ஈரத் துணியோடு சுவர் முன்னால் நிற்கிறாள். அதற்கு மேல் எழுத்து கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. நல்லவேளை. பச்சைச் சட்டைக்காரர் மட்டும் திரும்பி, "நான் சொன்னேன்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பதிப்பாளர் எழுந்து, "பக்கம் இருக்கட்டும்" என்றார். மற்ற எழுத்தாளர்கள் பேசினார்கள். ரிப்பன் கட்டிப் பரிசளிக்கிறார் என்று நான் கிண்டல் செய்தவர் பேசும்போது தலையைத் தூக்க முடியவில்லை.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. எல்லோரும் போன பிறகு, கடைசி ஆளாகப் போய் அக்காவின் மேசைமேல் புத்தகத்தை வைத்தேன். உறையின் ஒரு துண்டு இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அக்கா..."

"கடைசில அவ சுவத்தைத் துடைச்சாளா, இல்லையா?" என்றாள்.

"தெரியாது."

"தம்பி எங்க இருந்து வந்தான்?"

"தெரியாதுக்கா."

பேனாவை மூடினாள். "ரெண்டு பக்கம்தான் வாசிச்சிருக்க. மீதியைப் படிச்சுட்டு வா."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். எனக்கு வாய் இல்லையா என்ன? அவள் அமைதியாகச் சொன்னாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்தின் மூலைக்குப் போனேன். மிச்சமிருந்த ஒரு நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வேகமாகப் படிக்கிறவன் நான், ஊருக்கே தெரியும். அன்று ஒரு வரிகூட வேகமாக நகரவில்லை.

சுற்றி நாற்காலிகளை மடித்து அடுக்கும் சத்தம் கேட்டது. விசிறிகளை நிறுத்தினார்கள். யாரோ சாவிக்கொத்தோடு வாசலுக்கு வந்து, "மேடம், மூடணும்" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அக்கா. "கதவைப் பூட்டிடாதீங்க. என் தம்பி இன்னும் முடிக்கல."